ஏட்டு பிச்சைக்கனி காத்திருந்த வருஷம்

தாராபுரத்தில் பழைய நூற்பாலைக்குப் பின்னால் போகிற தெருவில் மாவு மில் வைத்திருந்த வசந்தாமணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மில்லின் சுவரில் மாட்டியிருந்த சின்ன டிவியில் ‘கரையோரக் காவல்’ தொடருடைய முதல் சீசனின் கடைசிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புக் கிடங்கின் இருட்டுக்குள்ளிருந்து வந்த குண்டு ஏட்டு பிச்சைக்கனியின் இடது மார்பில் பட்டது, அவர் தூணைப் பிடிக்கக் கையை நீட்டினார், தூண் எட்டவில்லை, அதே நேரம் அவருடைய வீட்டு அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அவர் மனைவி சந்தனமாரி அடித்த போனை எடுத்துக் காதில் வைத்து ‘ஹலோ’ என்றாள், திரை கறுத்தது, ‘தொடரும்’ என்று எழுத்து வந்தது, ஏட்டு பிச்சைக்கனி மிளகாய் மிசினுக்கும் அரிசி மிசினுக்கும் நடுவே தரையில் வந்து விழுந்தார்.

வசந்தாமணி முதலில் மிளகாய் மிசினை நிறுத்தினாள், திறந்த புண்ணில் மிளகாய்த் தூள் பட்டால் எரியும் என்பதால். பிறகு அவரைத் தூக்கி உட்காரவைத்து, காலியான சாக்குகளை முதுகுக்கு அண்டைகொடுத்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அவர் காக்கிச் சட்டையில் மாவு அப்பியிருந்தது. இன்ஸ்பெக்டர் தீனதயாளன் சாருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவர் கேட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் வெளியே ஜீப்பில்தான் இருந்தார் என்று அவள் சொன்னாள். அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு, அரைத்து வைத்த மல்லியின் வாசத்தை இழுத்து மூச்சு விட்டு, பிச்சைக்கனி கண்ணை மூடிக்கொண்டார்.

தெரு முழுக்க வந்து பார்த்தது. டாக்டர் பானுரேகா தன் கிளினிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, சட்டையை விலக்கிப் பார்த்து, நாடி பிடித்துப் பார்த்தார். நாடி ஒரு முறை அடித்தது, பிறகு யாரோ அடுத்த சொல்லை யோசிக்கிற மாதிரி வெகுநேரம் சும்மா இருந்தது, பிறகு மறுபடி ஒரு முறை அடித்தது. ரத்தம் ஈரமாகவே இருந்தது, ஆனால் வழியவில்லை. இந்தப் புண் ஆறவும் செய்யாது, முற்றவும் செய்யாது, இப்படியே நிற்கும், அடுத்த சீசன் வந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் மனசு கேட்காமல் வாரம் தவறாமல் வந்து கட்டை அவிழ்த்துப் புதுக் கட்டுப் போட்டுவிட்டுப் போனார். ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார், வாசலிலேயே தொப்பியைச் சரி செய்துகொண்டார், குற்றம் நடந்த இடம் கடற்கரை ஸ்டேஷன் எல்லைக்குள் வருவதாலும் சுட்டவன் யாரென்று கதையிலேயே இன்னும் தெரியாததாலும் இங்கே வழக்குப் பதிய வழியில்லை என்று விளக்கினார், போகும்போது பிச்சைக்கனியின் தோளைத் தட்டி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஏட்டய்யா என்றார். தெருவில் இந்த விஷயத்துக்கு ரொம்ப நெருங்கிய ஆள் கேபிள்காரர் குழந்தைவேல்தான். அவர் சேனலுக்கு நாலைந்து தடவை போன் போட்டார். உங்கள் கருத்துக்கு நன்றி, இரண்டாம் சீசன் விரைவில் என்று ஒரு பெண் குரல் ஒவ்வொரு தடவையும் அன்பாகச் சொன்னது.

மற்ற வீடுகளிலும் அதே நேரம் அதே பகுதிதான் ஓடியது, மற்ற ஊர்களிலும்தான், ஆனால் ஏட்டு விழுந்தது வசந்தாமணியின் மில்லில் மட்டும். ஏன் இங்கே என்று யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. மழை ஒரு தெருவில் கொட்டிவிட்டு அடுத்த தெருவை நனைக்காமல் போவதை அவர்கள் வருஷாவருஷம் பார்த்தவர்கள்.

மில்லுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது, அதில் கட்டில் போட்டார்கள். தனியாக இருக்கிற பொம்பளை வீட்டில் முன்பின் தெரியாத ஆம்பளை எப்படி என்று இரண்டு நாள் பேச்சு ஓடியது. காய்கறி வண்டி போடுகிற பக்கத்து வீட்டுச் செல்லாத்தா மூன்றாம் நாள் அதை முடித்துவைத்தாள். சாகாமலும் பிழைக்காமலும் கிடக்கிற மனுசனைப் பற்றி என்ன பேச்சு, அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறாள் என்றாள். அன்றிலிருந்து வசந்தாமணிக்கு அவர் அண்ணன், அவருக்கு அவள் தங்கச்சி, தெருவுக்கு அவர் ஏட்டய்யா.

ஏட்டய்யா தொந்தரவு கொடுக்காத மனிதர். அவருக்குக் கத்திரிக்காய் பிடிக்காது, வலது முழங்காலில் பழைய வலி உண்டு, இன்ஸ்பெக்டருக்காக உயிரைக் கொடுப்பார். இவ்வளவுதான் முதல் சீசனில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்டிருந்தது, ஆகவே இவ்வளவுதான் அவருக்கும் தெரியும். ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே செல்லாத்தா, உங்க அம்மாவுக்கு எந்த ஊருங்க ஏட்டய்யா என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார், கொஞ்ச நேரம் உள்ளே எங்கோ தேடினார், கதவைத் திறந்து அந்தப் பக்கம் சுவரைப் பார்த்தவர் போல நின்றுவிட்டு, அதைப் பத்தி இன்னும் யாரும் சொல்லலம்மா என்றார்.

அந்த ஒரு வார்த்தை தெருவை ஆட்டிவிட்டது. கொலைகாரனைப் பிடிக்க ஓடிய மனிதனுக்கு ஓர் அம்மா இல்லை, ஒரு பள்ளிக்கூடம் இல்லை, முதல் காய்ச்சல் இல்லை, தூக்கத்தில் வந்து பயமுறுத்த ஒரு கிணறுகூட இல்லை. அதன் பிறகு மாவு அரைக்க வந்தவர்கள் யாரும் சும்மா வரவில்லை. கோதுமையோடு வந்தவர்கள் தங்கள் சின்ன வயசிலிருந்து ஏதோ ஒன்றையும் கொண்டுவந்து, மிசின் ஓடுகிற நேரத்தில் அவர் கட்டிலோரம் உட்கார்ந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். குழந்தைவேல் அமராவதி ஆற்றில் வெள்ளம் வடிந்த ஒரு காலையில் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகியதைக் கொடுத்தார். செல்லாத்தா, சந்தையில் தொலைந்துபோய் வெல்லக் கடைக்காரர் மடியில் தூங்கிவிட்ட ஒரு மத்தியானத்தைக் கொடுத்தாள். டாக்டர் பானுரேகா யாரிடமும் சொல்லாத ஒன்றை, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் கொடுத்தார். எல்லாவற்றையும் ஏட்டய்யா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறவர் போலக் கேட்டார், பிறகு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், அடுத்த வாரம் அவரே அதை, தனக்கு நடந்ததாக, இன்னும் இரண்டு விவரம் சேர்த்துச் சொன்னார். ஆற்றுத் தண்ணீர் அவர் சொன்னபோது இன்னும் குளிராக இருந்தது. அசல்காரர்கள் தலையாட்டிக் கேட்டார்கள்.

மாசங்கள் அப்படிப் போயின. சீசன் இல்லாத காலம் ஒரே நீளமான சாயங்காலம் போல அந்தத் தெருமேல் கிடந்தது. மாரியம்மன் நோன்பில் அவரை நாற்காலியோடு தூக்கிப்போய்க் கோயில் வாசலில் வைத்தார்கள், அவர் உட்கார்ந்தபடியே கையைக் காட்டிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார், கூட்டம் கேட்டது. மழைக்காலத்தில் அவர் சட்டையின் ரத்தக்கறைமேல் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்து மூன்று நாள் இருந்தது, யாரும் அதை விரட்டவில்லை. வசந்தாமணி காலையில் மிசினைப் போடுவதற்கு முன் அவருக்குக் கம்பங்கூழ் கரைத்துக் கொடுப்பாள், அவர் சுவரில் சாய்ந்துகொண்டு பெல்ட் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் ஒரு கவலை இருந்தது, அதை அவளிடம் மட்டும் சொன்னார். கண்ணை மூடினால் சந்தனமாரி தெரிகிறாள். போனைக் காதில் வைத்தபடி அடுக்களையில் நிற்கிறாள். அடுப்பில் பால் பொங்கவும் இல்லை, ஆறவும் இல்லை, விளிம்பு வரைக்கும் வந்து அப்படியே நிற்கிறது. ஜன்னலில் காக்கை ஒன்று இறக்கையைப் பாதி விரித்தபடி இருக்கிறது. அவள் ‘ஹலோ’ என்று சொல்லிவிட்டாள், பதில் வரவில்லை, பதில் வராததால் போனைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

வசந்தாமணியின் கணவன் ஈஸ்வரன் பல வருஷத்துக்கு முன்னால் மிசினுக்கு பெல்ட் வாங்கிவருவதாகக் கோயமுத்தூர் பஸ் ஏறியவன், திரும்பவில்லை. செத்தான் என்ற சேதியும் இல்லை, இருக்கிறான் என்ற சேதியும் இல்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை, பூ வைக்கவும் இல்லை. கல்யாண வீடுகளில் அவளை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் சொந்தக்காரர்கள் முழிப்பதைப் பார்த்து, கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். விளிம்பு வரைக்கும் வந்து நிற்கிற பாலைப் பற்றி அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பங்குனி கடைசியில் இரண்டாம் சீசனுக்கான விளம்பரம் வந்தது. கடல், சைரன், இன்ஸ்பெக்டர் தீனதயாளனின் சிவந்த கண், பிறகு ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு மாலை போட்ட ஒரு படம். படத்தில் யார் என்று தெரிவதற்குள் வெட்டிவிட்டார்கள். தெருவில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தைவேல் அந்த விளம்பரத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மாலைக்குக் கீழே ஒரு காக்கித் தோள் தெரிவதாகச் சொன்னார், பிறகு அது சுவரின் நிழலாகவும் இருக்கலாம் என்றார், பிறகு எழுந்து போனார்.

குழந்தைவேலும் வசந்தாமணியும் சென்னைக்கு பஸ் ஏறினார்கள். கதை எழுதுகிறவரைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. நித்திலா என்று பெயர், சின்ன வயசுப் பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு, வடபழனியில் ஒரு காபிக் கடையில் அவர்களுக்காக வந்து உட்கார்ந்தாள். அவர்கள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள். நம்பாமல் இல்லை. அவளுடைய முதல் கேள்வி, அவருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதுதான்.

குளிர் காலத்தில் கொஞ்சம் அதிகம், எண்ணெய் தேய்த்துவிடுகிறோம் என்று வசந்தாமணி சொன்னாள். நித்திலா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, எல்லாம் எழுதியாகிவிட்டது, படமும் எடுத்தாகிவிட்டது, தன் கையில் இனி ஒன்றும் இல்லை என்றாள். முதல் பகுதியில் ஒரு சாவு வேண்டும் என்று மேலே சொன்னார்கள், இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வர வேண்டும், அந்தக் கோபத்தில்தான் சீசன் முழுக்க ஓட வேண்டும். யாரைக் கொடுப்பது என்று அவள் ஒரு வாரம் யோசித்தாளாம். நல்லவராகவும் இருக்க வேண்டும், இல்லாமல் போனால் கதை நின்றுவிடக் கூடாத ஆளாகவும் இருக்க வேண்டும்.

குழந்தைவேல் அழுதுவிட்டார். வசந்தாமணி அழவில்லை.

“அவர் சம்சாரம் என்னாவாங்க?” என்று கேட்டாள்.

நித்திலாவுக்குக் கேள்வி புரிய நேரமானது. சந்தனமாரி என்ற பெயரை அவள் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தது உதட்டில் தெரிந்தது.

“போன்ல சேதி கேட்டு அழுவாங்க. அதோட சரி. அதுக்கப்புறம் அவங்களுக்கு சீன் இல்லம்மா.”

“எதுமே எழுதலீங்களா?”

“எதுவும் எழுதல,” என்று நித்திலா சொன்னாள். அவள் அதை அன்றைக்குத்தான் கவனித்தவள் போல இருந்தது.

ஊர் திரும்பும் வழியில் குழந்தைவேல் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். ஏட்டய்யா விழுந்தது இந்தத் தெருவில், இந்த டிவியிலிருந்து. இங்கே ஓடாத ஒரு சாவு அவரை எப்படித் தொடும்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவுக்கு வருகிற வயரை அவர் தன் கையாலேயே கழற்றிவிடுவார். மற்ற ஊர்களில் ஏட்டு பிச்சைக்கனி சாகட்டும், தாராபுரத்தில் அவர் கூழ் குடித்துக்கொண்டு இருப்பார். அது நடக்குமா நடக்காதா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் தெரு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை யாரும் டிவி போடுவதில்லை என்று வீட்டுக்கு வீடு வாக்குக் கொடுத்தார்கள், போனில் பார்ப்பதும் இல்லை என்று இளவட்டங்களும் சேர்ந்து கொடுத்தார்கள்.

வசந்தாமணி ஏட்டய்யாவிடம் எதையும் மறைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மிசின் எதுவும் ஓடாத மில்லில் உட்கார்ந்து, சென்னையில் கேட்டதையும் தெரு செய்யப் போவதையும் சொன்னாள்.

“தங்கச்சி, டிவியப் போட்டுரு,” என்றார்.

அவள் முடியாது என்றாள். அவர் அவசரப்படவில்லை.

“நா இங்கன நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஒரு ஆத்துல நீச்சத் தெரியும் இப்ப, ஒரு சந்தை தெரியும். இன்னும் இருந்தா இன்னும் சேரும். ஆனா அவ நிக்கால்லா. ஒரு வருசமா போனக் காதுல வச்சிட்டு நிக்கா. நா செத்தேன்னு சொன்னாத்தான் அவ கையக் கீழ எறக்குவா.”

“செத்துப் போவீங்கண்ணா. நிசமாத்தான் சொல்றேன். கேட்டுட்டு வந்தேன்.”

“தெரிஞ்சுதான் கேக்கேன்.”

அவள் எழுந்து வெளியே போனாள். நூற்பாலைச் சுவர்வரை நடந்தாள், அங்கே நின்றாள். ஈஸ்வரன் பஸ் ஏறிய நாளிலிருந்து இன்றுவரை ஒரே ஓர் ஆள், யாராக இருந்தாலும் சரி, வந்து வாசலில் நின்று, அவன் இல்லை என்றோ, அவன் வேறு ஊரில் வேறு வீட்டில் இருக்கிறான் என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். அழுதிருப்பாள். பிறகு எழுந்து முகம் கழுவியிருப்பாள். எங்கோ ஒருவன், சேதி தெரிந்தவன், அவள் மனசு நோகும் என்று இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறானோ என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. அந்த முகம் தெரியாதவன்மேல் வந்த கோபம், ஏட்டய்யாமேல் இருந்த பாசத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவள் நேராகக் குழந்தைவேல் வீட்டுக்குப் போய், வயரைக் கழற்ற வேண்டாம் என்றாள்.

சாயங்காலம் எல்லோரும் மில்லுக்கு வந்தார்கள், வரமாட்டோம் என்றவர்களும் வந்தார்கள். செல்லாத்தா சலவை செய்த காக்கிச் சட்டையை ஏட்டய்யாவுக்குப் போட்டுவிட்டாள், கறை மட்டும் போகவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வசந்தாமணி பக்கத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். டாக்டர் பானுரேகா பின்னால் நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் சீசன் தொடங்கியது. தொடங்கிய வேகத்தில் ஒவ்வொருவர் தலையெழுத்தும் மாறிக்கொண்டே போனது. கடத்தல்காரன் லம்பெர்ட் ஜாமீனில் வெளியே வந்து கடற்கரையில் மாம்பழம் தின்றான். உண்மையை எழுதிய நிருபர் பெண்ணுக்கு வேலை போயிற்று. கணக்கப்பிள்ளை அப்ரூவராகிக் காணாமல் போனான். தீனதயாளன் உப்புக் கிடங்குக்குள் ஓடிவந்தார், தரையில் கிடந்த உருவத்தைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார், அதன் முகத்தில் இன்னும் வெளிச்சம் விழவில்லை.

அப்போது மில்லில் ஏட்டய்யாவின் கறை நகர்ந்தது. ஒரு வருஷமாக நின்ற இடத்தில் நின்ற ரத்தம், வழி தெரிந்துகொண்டதுபோல, சட்டைப் பொத்தான்களின் ஓரமாக மெதுவாக இறங்கியது. அவர் வசந்தாமணியின் கையைப் பிடித்தார், அவர் கை சூடாக இருந்தது. டாக்டர் தன் விரலடியில் நாடி அடுத்தடுத்து, தடங்கலில்லாமல், எல்லா மனிதர்களுக்கும் அடிப்பதுபோல அடிப்பதை உணர்ந்தார்.

“இப்ப வலிக்கி, தங்கச்சி,” என்றார் பிச்சைக்கனி. அதைச் சொன்னபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

திரையில் வெளிச்சம் வந்து அவர் முகத்தில் விழுந்தது. தீனதயாளன் அவர் கண்களை மூடினார். வசந்தாமணியின் கையில் அவர் கை இல்லை, அவள் விரல்கள் மட்டும் இருந்தன. நாற்காலியில் கொஞ்சம் மாவு இருந்தது. திரையில் அடுக்களை வந்தது, பால் பொங்கி அடுப்பை அணைத்தது, காக்கை பறந்தது, சந்தனமாரி போனைக் கீழே போட்டாள், வாயைத் திறந்தாள், அவள் குரல் வெளியே வருவதற்குள் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

தெரு துக்கம் அனுசரித்தது. உடம்பு இல்லாததால் நாற்காலியைக் குளிப்பாட்டி மாலை போட்டார்கள். குழந்தைவேல் மொட்டையடித்துக்கொண்டு ஆற்றில் முழுகினார். கொள்ளி வைக்கிற உரிமை யாருக்கு என்ற கேள்வி எழவில்லை, ஆளுக்கொரு சின்ன வயசு அவருக்குக் கொடுத்திருந்ததால் எல்லோருமே பங்காளிகள் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ‘கரையோரக் காவல்’ யாரும் பார்க்கவில்லை. தீனதயாளன் தன் கோபத்தில் ஓடிக்கொண்டிருப்பதாக வேறு தெருக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டார்கள். ஏட்டின் பெயரை அவர் மூன்றாம் வாரத்திலிருந்து சொல்வதில்லை என்றும் சொன்னார்கள்.

ஆனி மாசத்தில் ஒரு மத்தியானம், காற்று ஆரம்பித்துப் புழுதி எழும்பிய நேரம், மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெண் தெருவுக்குள் வந்தாள். அடுக்களையில் கட்டுகிற பழைய பச்சைச் சேலை, காலில் செருப்பு இல்லை. யாரிடமும் வழி கேட்கவில்லை, ஆனால் எல்லா வீட்டு வாசலையும் நின்று பார்த்துக்கொண்டே வந்தாள். செல்லாத்தா வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் நடந்தாள். மில் வாசலில் வந்து அந்தப் பெண் நின்றபோது வசந்தாமணி சத்துமாவு சலித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அண்ணன் சம்சாரத்தை அந்தப் பக்கத்தில் கூப்பிடுகிற முறையில், “வாங்க நங்கை,” என்றாள்.

சந்தனமாரி உள்ளே வந்து மூட்டைமேல் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். அவளுடைய வலது கை இன்னும் லேசாக மடங்கியே இருந்தது, அதை அவள் இடது கையால் நீவிக்கொண்டாள்.

“மைனி, அவிய இங்கன எப்படி இருந்தாவ?” என்று அவளும் தன் ஊர் முறை வைத்துக் கேட்டாள்.

வசந்தாமணி மிசினை நிறுத்தினாள், அன்றைக்கு மறுபடி அதைப் போடவில்லை. விழுந்த சாயங்காலத்திலிருந்து தொடங்கினாள். சொல்லச் சொல்லத் தெரு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தரையில் உட்கார்ந்து, அவள் விட்டதை எடுத்துக் கொடுத்தார்கள். அவருக்கு நீந்தத் தெரியும் என்பதைக் கேட்டபோது சந்தனமாரி நம்பாமல் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள், அங்கே வெளியே வராமல் நின்றுபோன குரல் இங்கே வந்தது. செல்லாத்தா அவளைப் பிடித்துக்கொண்டாள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அழுது தீர எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் வெயில் மில் வாசலிலேயே இருந்தது.

பிறகு சந்தனமாரி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், யாரோ உள்ளே வந்து அடுத்து நிற்க வேண்டிய இடத்தைக் காட்டுவார்கள் என்று காத்திருப்பவள் போலக் கொஞ்ச நேரம் நின்றாள். ஒருவரும் வரவில்லை.

“இனி நா என்ன செய்யணும்?” என்றாள்.

குழந்தைவேல் தொண்டையைச் செருமினார். இந்த சீசனில் இனி அவளுக்குக் காட்சி இல்லை, அடுத்த சீசனிலும் இல்லை, விசாரித்தாயிற்று, எங்கேயும் அவள் பெயர் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சொல்லிவிட்டு, நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

“உங்களைப் பத்தி இனி யாரும் ஒண்ணும் எழுத மாட்டாங்க நங்கை,” என்றாள் வசந்தாமணி. “உங்களுக்கு என்ன தோணுதோ, அதுதானுங்க.”

சந்தனமாரி யோசித்தாள். அவள் வந்த காட்சிகள் எல்லாவற்றிலும் அவள் ஏதாவது சமைத்துக்கொண்டிருந்தாள், யாருக்காவது தட்டு வைத்துக்கொண்டிருந்தாள், யாரும் ஒரு தடவைகூட அவளை உட்காரச் சொன்னதில்லை, அது தெருவில் எல்லோருக்கும் நினைவிருந்தது. அவள் தனக்குள் தேடிக்கொண்டிருந்தாள், பிச்சைக்கனி அம்மாவின் ஊரைத் தேடியதுபோல் இல்லை, உள்ளே நிச்சயமாக ஏதோ இருக்கிறது என்று தெரிந்தவள் தேடுவதுபோல. வெளியே காற்று நூற்பாலைச் சுவரைத் தாண்டி வந்து தெருவைக் கூட்டிக்கொண்டு போனது.

“மைனி,” என்றாள் கடைசியில், கொஞ்சம் வெட்கத்தோடு, அடுத்து வரப்போகிற சொல்லை வாயில் முதல் தடவையாக வைத்துப் பார்ப்பவளாக. “எனக்குப் பசிக்கி.”

தெருவில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.